கலரக்காவும் ஆறு விளக்கும்

கலரக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வருவார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணமான புதிதில், குளியலறையில் தலை நிறையச் சோப்போடு அவள் இருட்டில் நின்றிருக்கிறாள். உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கை கழுவ எழுந்தவர், போகிற போக்கில் எல்லாரையும் இருட்டில் விட்டுப் போயிருக்கிறார். முப்பத்தொரு வருஷமாக இதே கதைதான். மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து, வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதிய மனிதர். அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கை ஓய்வு பெறவில்லை.

விளக்கு அணைந்ததும் கலரக்கா கொஞ்ச நேரம் ஊசியை அந்தரத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். பிறகு மெல்ல, "நான் இருக்கேங்க" என்பாள்.

"இருக்கியா? சத்தமே வரலியே. உள்ள ஆள் இருக்கா, அலமாரி இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று திரும்பி வந்து போட்டுவிட்டுப் போவார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் வாய் திறந்து பேசுவது அபூர்வம். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. படித்தவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் பேசினால் தப்பாகிவிடும் என்று அன்றைக்கு விழுந்த பயம் ஐம்பத்து நாலு வயதிலும் போகவில்லை. யார் எது கேட்டாலும் "எதுன்னாலும் சரி" என்பாள். பேசாத நேரத்தையெல்லாம் கண்ணுக்குக் கொடுத்தாள். அந்தக் கண்தான் அவளுக்குச் சோறு போட்டது.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் தையல்கடைக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஓரம் மடித்துத் தருவது அவள் வேலை. காஜா என்றால் பட்டன் நுழைகிற துவாரம். அதன் விளிம்பில் நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய வேலை, துணிக்கு ஏற்ற நூல் எடுப்பது. கடையில் முந்நூறு நூல்கண்டு உள்ள இழுப்பறை ஒன்று உண்டு. பாக்கு நிறத்துக்கும் அரக்குக்கும் நடுவில் ஏழு நிறம் இருக்கிறது என்பாள் அவள். ஒருமுறை தையல்கடை மாஸ்டர் ஒரு துணியைக் கண் இமைக்கிற நேரம் காட்டிவிட்டு மறைத்து, "எடுங்க பார்க்கலாம்" என்றார். அவள் துணியைத் திரும்பக் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, நேராக ஒரு கண்டை எடுத்து மேஜையில் வைத்தாள். துணியின் மேல் வைத்தபோது நூல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் வைத்த பெயர்தான் கலரக்கா. அதன் பிறகு தெருவுக்கே அவள் கலரக்கா ஆனாள். வீட்டுக்குள் மட்டும் அவள் அம்மா, இல்லாவிட்டால் "இந்தா".

போன வருஷம் மேல் வீட்டுக் குளியலறை ஒழுகி, அவர்கள் கூடத்து மேற்கூரையில் பாய் அகலத்துக்குக் கறை படிந்தது. ஒழுக்கை அடைத்தும் கறை போகவில்லை. இரண்டு தடவை வெள்ளையடித்தும் மூன்றாம் நாள் பல்லைக் காட்டியது. அலுவலகத்து ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கறைக்கு அடியில் பலகை அடித்து மூடிவிடலாம் என்று முடிவாயிற்று. பலகை வந்தால் பழைய டியூப்லைட்டுக்கு இடம் இல்லை. விளக்கைப் பலகைக்குள் பதிக்க வேண்டும். ஒன்றைத் தொட்டு இன்னொன்றாக, குடும்பம் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை விளக்குக் கடையில் போய் நின்றார்கள்.

உள்ளே கால் வைத்ததும் கலரக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆயிற்று. வெளிச்சத்தாலும் கண்ணைக் கட்டலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைக்கு மேலே நூறு விளக்கு, அத்தனையும் எரிந்தன. வட்டம், சதுரம், கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்தது, தட்டு மாதிரி தட்டையானது.

விற்பனையாளர் ஒரே மூச்சில் கேட்டார். "மூணு இன்ச்சா நாலு இன்ச்சா? எட்டு வாட்டா பன்னெண்டா? வெளிச்சம் பரவணுமா, ஒரே இடத்துல விழணுமா? வார்மா, கூலா, நேச்சுரலா?"

"தம்பி, லைட்டு வாங்க வந்திருக்கோம். பரீட்சை எழுத வரல" என்றார் வீட்டுக்காரர்.

"மஞ்சள் வெளிச்சமா, வெள்ளையா, ரெண்டுக்கும் நடுவுலயான்னு கேட்டேன் சார்."

"வெள்ளை" என்றார் அவர்.

"மஞ்சள்" என்றாள் மகள், அதே நொடியில்.

"மஞ்சள் போட்டா வீட்டுக்கே காமாலை வந்த மாதிரி இருக்கும்."

"வெள்ளை போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்பா."

"ஓ, காமாலை வரலாம், ஆஸ்பத்திரி கூடாதா?"

கால் மணி நேரம் இது நடந்தது. கலரக்கா அதைக் கேட்கவில்லை. அவள் கண் விற்பனையாளரின் சட்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அவர் வரவேற்றபோது அது பாசிப்பயறு நிறம். நாலடி தள்ளிப் போனதும் களிமண் நிறம். விலைப்பட்டியலை எடுக்க மூலைக்குப் போனார், அங்கே வெறும் சாம்பல். திரும்பி வந்தார், மறுபடி பயறு. கலரக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அவளுடைய பெரியக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது முதலில் கெட்டது நிறம்தான். "எல்லாம் மஞ்சத்தண்ணிக்குள்ள கெடக்கிற மாதிரி இருக்குடி. நீலம் எதுன்னே தெரியல" என்று பெரியக்கா சொன்னது சம்பந்தமே இல்லாமல் அந்த இடத்தில் ஞாபகம் வந்தது.

அந்த நேரத்தில்தான் விற்பனையாளர், "சண்டையே வேணாம் சார். இதுல மூணும் இருக்கு" என்று ஒரு விளக்கைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வெள்ளை மஞ்சளாகும். மறுபடி அணைத்துப் போட்டால் நடு நிறம். இன்னொரு தடவை செய்தால் திரும்ப வெள்ளை. நெடுநேரம் அணைத்து வைத்தால் விட்ட நிறத்திலேயே எரியும். அப்பாவுக்கும் மகளுக்கும் முகம் மலர்ந்தது. அவரவர் இஷ்டம் அவரவருக்கு.

"அம்மா, உனக்கு ஓகேதானே?" என்று மகள் திரும்பிக் கேட்டாள்.

"எதுன்னாலும் சரி" என்றாள் கலரக்கா, சட்டையைப் பார்த்தபடி.

அந்த வீட்டில் வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கிற ஒரே ஆள் அவள்தான். அவளிடம் கேட்டது கடைசியாக. கேட்டபோது அவளும் அங்கே இல்லை.

பலகை அடித்த ஆட்கள் போன பின் வயர்மேன் வந்தார். ஆள் நெடுநெடு என்று வளர்ந்தவர். தெருவில் எல்லாரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உயரத்துக்கு அவருக்கு ஏணியே வேண்டியதில்லை, ஆனாலும் அதையும் தூக்கிக்கொண்டு வருவார். "ஏணிக்கு எதுக்கு ஏணி?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "நான் விழுந்தா பிடிக்கறதுக்கு, சார்" என்றார்.

சுவரிலிருந்து அளவெடுத்து, நூல் பிடித்து, ஐந்து இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். "நீங்க எங்கக்கா உட்காருவீங்க?" என்று கேட்டார். அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். ஏணி தரையைப் பார்த்தார். ஒரு மூலையில் நாற்காலிக் கால்கள் உரசிய தடமும், பெருக்கியும் போகாத நூல் துணுக்குகளும் கிடந்தன. அதற்கு நேர் மேலே ஆறாவது வட்டத்தைப் போட்டார்.

வட்ட ரம்பத்தால் துளை போடப் போட, வெள்ளைத் தூள் எல்லார் தலையிலும் விழுந்து மகளுக்கே நரைத்தது. ஆறாவது துளையில், பலகைக்கு மேலே ஓடிய இரும்புச் சட்டம் ரம்பத்தில் தட்டியது. நாலு விரல் தள்ளித்தான் போட முடிந்தது. கலரக்காவின் மூலைக்கு வந்த விளக்கு அது.

"கோணலா இருக்கே" என்றாள் மகள்.

"நீ மல்லாந்து படுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார் அப்பா.

ஒவ்வொரு விளக்கோடும் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதற்கு டிரைவர் என்று பெயராம். அதைத் துளைக்குள் தள்ளி, விளக்கின் இரண்டு பக்கத்துக் கம்பிக் காதுகளையும் மேலே மடக்கிப் பிடித்து உள்ளே நுழைத்தால், காதுகள் விரிந்து பலகையைக் கவ்விக்கொள்ளும். கொஞ்சம் அசந்தால் விரலையும் கவ்வும். நாலாவது விளக்கில் ஏணி ஒரு கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கினார். ஆறுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். போட்டதும் கூடம் பால் கொட்டின மாதிரி இருந்தது. கறை எங்கே இருந்தது என்று கூடச் சொல்ல முடியவில்லை. கலரக்காவும் சிரித்தாள்.

கூடத்து ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். பகலிலும் அவளுக்கு விளக்கு வேண்டும். மறுநாள் காலை அவள் உட்கார்ந்தாள், நூல் கோத்தாள். வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தார், போகும்போது அணைத்தார். "இருக்கேங்க" என்றாள். திரும்பி வந்து போட்டார். கலரக்கா மடியைப் பார்த்தாள். மடியிலிருந்த கருநீலக் கால்சட்டை கறுப்பாக இருந்தது.

எடுத்தது தப்பான துணியோ என்று பையைக் கவிழ்த்துத் தேடினாள். அரை மணி கழித்து அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வந்துவிட்டுப் போனார். அதன் பிறகு பார்த்தால் கால்சட்டை கருநீலமா, கறுப்பா என்று அதற்கே தெரியாத மாதிரி கிடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பளிச்சென்று நீலம்.

அதிலிருந்து அவளுக்கு ஆரம்பித்தது குழப்பம். சில நேரம் வீடே மஞ்சளாகத் தெரியும், சுவர், தரை, தன் கை எல்லாமே. அப்புறம் தானாகச் சரியாகும். விளக்கைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த விளக்கு எல்லாம் எரியும் அல்லது எரியாது. நிறம் மாறுகிற வேலையை விளக்கு செய்யும் என்று யார் கண்டது? காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சும்மாவா சொன்னார்கள்? கோளாறு கண்ணில்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் டாக்டர், சொன்னால் ஆபரேஷன், அதைவிட முக்கியமாக, சொன்னால் மாஸ்டர் காதுக்குப் போகும். நூல் பார்க்கத் தெரியாத கலரக்காவுக்கு அங்கே என்ன வேலை? ஒளித்து ஒளித்துத் தன்னையே சோதித்துப் பார்த்தாள். ஏழு நூல்கண்டை வரிசையாக அடுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய் வருவாள். வரும்போது இரண்டு கண்டு ஒரே நிறமாக இருக்கும். வலது கண்ணை மூடிப் பார்த்தாள், இடது கண்ணை மூடிப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து இமைமேல் வைத்தாள். ஒரு வாரம் கண் நன்றாக இருந்தது. வீட்டுக்காரருக்கு அந்த வாரம் காலில் சுளுக்கு, வெளியறையிலேயே படுத்துக் கிடந்தார். ஈரத்துணி வேலை செய்கிறது என்று அவள் நம்பினாள். சுளுக்கு சரியானதும் கண் மறுபடி கெட்டது.

அப்பாவுக்கும் மகளுக்கும் விளக்கு மாறுவது கண்ணில் படாமல் இல்லை. மஞ்சளாக எரிந்தால் மகள் மாற்றியிருக்கிறாள் என்று அவர் நினைத்தார். வெள்ளையாக எரிந்தால் அப்பா வேலை என்று அவள் நினைத்தாள். கடையில் போட்ட சண்டையை மறுபடி கிளற இரண்டு பேருக்கும் மனமில்லை. பெரிய மனசு பண்ணி ஆளுக்கொரு பக்கம் சும்மா இருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது இருபது கோட்டு வந்தது. ஒரு ஹோட்டல் பணியாளர்களுக்கானது, கத்தரிப்பூ நிறம், கோட்டுக்கு ஐந்து காஜா. கையால் எடுத்ததுதான் வேண்டும் என்று ஹோட்டல்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நூலைக் கலரக்கா கடையிலேயே பார்த்து எடுத்தாள். துணியில் ஒட்டிப் பிறந்தது போல இருந்தது. பதினோரு கோட்டு முடிந்தது.

பன்னிரண்டாவதை எடுத்த அன்று வீட்டுக்காரர் தன் தம்பி வீட்டுக்கு மூன்று நாள் கிளம்பினார். கிளம்பும்போது வழக்கம்போல அணைத்தார், அவள் குரல் கொடுத்தாள், போட்டுவிட்டுப் போய்விட்டார். வீடு மஞ்சளில் மூழ்கியது. மடியில் கோட்டு அரக்கு நிறத்தில் கிடந்தது. அதன்மேல் கத்தரிப்பூ நூல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

இந்தத் தடவை மஞ்சள் போகவே இல்லை. அன்று முழுக்க அப்படியே, மறுநாள் காலையிலும் அப்படியே. இத்தனை நாள் வந்து வந்து போன நோய் நிலைத்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது. கூடவே இன்னொன்றும் பட்டது. நோய் நிலைத்துவிட்டால், இப்போது தெரிவதுதானே தெளிவு? கடையில் நூல் எடுத்த அன்றைக்குத்தான் கண் தடுமாறியிருக்க வேண்டும். கோட்டின் நிறம் அரக்கு. தான் எடுத்தது தப்பு. கெட்டுப்போன கண்ணை வைத்துக்கொண்டு இதற்கு மேல் எப்படி யோசிப்பது? தன் சொந்தப் பெட்டியிலிருந்து அரக்கு நூலை எடுத்து வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. மாஸ்டருக்குத் தெரியாமல் தப்பைச் சரிசெய்துவிட்ட நிம்மதியில் ஒன்பது கோட்டையும் அவர் திரும்புவதற்குள் முடித்து, மடித்து, மூட்டை கட்டினாள். முதல் பதினொன்றையும் பிரித்துத் திருத்தத்தான் நினைத்தாள், நாள் இல்லை. சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய மகள் மட்டும், மூன்று நாளுக்கும் தனக்காக விளக்கை மஞ்சளாகவே விட்டுவிட்டுப் போன அப்பாவை நினைத்து உருகினாள்.

மாஸ்டர் மூட்டையைக் கடை வாசலில், நல்ல பகல் வெளிச்சத்தில் பிரித்தார். ஒரு கோட்டை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா, இது என்ன?"

கலரக்கா பார்த்தாள். கத்தரிப்பூ நிறக் கோட்டில் அரக்கு நூல் புண் மாதிரி சிவந்து நின்றது. ஒன்பது கோட்டு, நாற்பத்தைந்து புண். தெருவே பார்ப்பது போல இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை.

"எனக்குக் கண்ணு போச்சு, மாஸ்டர்" என்றாள்.

அவர் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார். "உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க" என்றார். அவள் உட்காரவில்லை. இனிமேல் மூட்டை அனுப்ப வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த ஒன்பதையும் பிரித்துத்தர யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

விஷயம் அன்றே வீட்டுக்கு வந்துவிட்டது. மகள் அழுதாள், லீவு போட்டாள், கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, புள்ளி புள்ளியாக நிறம் கலந்த அட்டைகளைக் காட்டி உள்ளே இருக்கிற எண்ணைப் படிக்கச் சொன்னார். கலரக்கா எல்லாவற்றையும் படித்தாள். ஒரு அட்டையில் எண்ணைப் படித்ததோடு, "இந்தப் பச்சைல ரெண்டு பச்சை இருக்கு" என்றாள். டாக்டரம்மா அட்டையை வாங்கித் தானும் உற்றுப் பார்த்தார்.

"புரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க கண்ணு என் கண்ணை விட நல்லாருக்கும்மா."

மகளுக்கு உயிர் வந்தது. கலரக்காவுக்குப் பாதி போயிற்று. கண் நன்றாக இருக்கிறது என்றால் கெட்டது மூளை. கண்ணுக்காவது ஆபரேஷன் உண்டு. வழியெல்லாம் அவள் பேசவில்லை. அவள் பேசாதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

நாலு நாள் கை சும்மா கிடந்தது. ஐந்தாம் நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விளக்கு வெள்ளையாக எரிந்தது. தலைக்கு மேலே கோணலாக இருந்த ஆறாவது மட்டும் மஞ்சள். கலரக்கா ஒரு கண்ணை மூடினாள், மஞ்சள். மற்றதை மூடினாள், அதுவும் மஞ்சள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணோ மூளையோ, ஆறில் ஒரு பங்கு மட்டும் எப்படிக் கெடும்?

வெளியறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை. பேப்பரோடு ஓடி வந்தார்.

"அந்த மூலை லைட்டு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"மஞ்சளா எரியுது."

கலரக்கா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, உங்களுக்குமா?"

"எனக்கு என்ன?"

"டாக்டரம்மா என்ன பெரிசாக் கண்டுபிடிச்சாங்க? வாங்க, வேற டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போயிடலாம்."

"இந்தா, என்ன உளறுற? அது தனியா மாட்டிக்கிச்சு. மத்ததெல்லாம் வெள்ளைக்குப் போயிருச்சு, அது மஞ்சள்லயே நிக்குது. அந்தக் கடைக்காரன் சொன்னானே, அணைச்சுப் போட்டா மூணு கலர் மாறும்னு." போய் சுவிட்சை ஒரு தடவை தட்டிக் காட்டினார். கூடம் மஞ்சளானது. இன்னொரு தடவை தட்டினார்.

கலரக்கா எழுந்துவந்து அவர் கையை விலக்கிவிட்டுத் தானே தட்டினாள். இடது கையில், கோட்டு மூட்டையோடு வந்த கத்தரிப்பூத் துணியின் துண்டு ஒன்று இருந்தது. தட்டினாள், கத்தரிப்பூ. தட்டினாள், அரக்கு. தட்டினாள், இரண்டுங்கெட்டான். மறுபடி தட்டினாள்.

"போதும், லைட்டு போயிடும்" என்றார் அவர்.

"இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"கடையில நீயும்தானே நின்ன?"

"நின்னேன்" என்றாள் கலரக்கா.

அன்று சமையல் நடந்தது, சாப்பாடு நடந்தது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மகள் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்போ அந்த மூணு நாளு…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். காலையில் கலரக்காவே ஏணிக்குப் போன் போட்டாள். தன் நாற்காலிக்கு மேலே ஒரே நிறத்தில் எரிகிற விளக்கு வேண்டும், அதற்குத் தனிச் சுவிட்ச், தன் கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டும் என்றாள். 

"எந்த நிறம்க்கா?" என்று ஏணி மூன்று விளக்கோடு வந்து நின்றார்.

"எது நெசமோ அது."

"நெசம்னா? மூணும் நெசம்தான். பில்லு இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துணித்துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்குப் போனாள். வெயிலில் பிடித்துப் பார்த்து, நிறத்தைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு மேலே வந்து விளக்கில் பார்த்தாள். மறுபடி கீழே போனாள். இந்தத் தடவை சுவர் நிழலில் பார்த்தாள், வேறு நிறம். ஒரு மேகம் வந்தது, இன்னொரு நிறம். இத்தனை வருஷம் இதெல்லாம் அவள் கண்ணில் பட்டதே இல்லையா, பட்டும் பெரிதாக எடுக்கவில்லையா? மூன்றாம் தடவை மூச்சு வாங்க ஏறி வந்தவளை வீட்டுக்காரர் கேட்டார்: "சூரியனுக்கும் தனிச் சுவிட்ச் வேணுமா?"

கலரக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து கத்தரிப்பூ நூலையும் அரக்கு நூலையும் எடுத்துத் துணியின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ஒண்ணு ஒண்ணாப் போடுங்க தம்பி" என்றாள். மஞ்சளில் அரக்கு துணியோடு ஒன்றிப்போனது. நடு நிறத்தில் இரண்டு நூலும் பங்காளிகள் மாதிரி நின்றன. வெள்ளையில் இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் விலகி நின்றன.

"இது" என்றாள். துணியின் உண்மை நிறம் எது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. எந்த வெளிச்சத்தில் தப்பு தப்பாகத் தெரிகிறது என்று மட்டும் தெரிந்தது.

"நான் அன்னைக்கே வெள்ளைன்னேன்" என்றார் வீட்டுக்காரர். மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேப்பரோடு வெளியறைக்குப் போனார். போகிற வழியில் கை சுவிட்சுக்குப் போய்த் திரும்பி வந்தது.

மறுநாள் கலரக்கா தையல்கடைக்குப் போனாள். விளக்கு நிறம் மாறுகிறது, கண்ணில் கோளாறு இல்லை, ஒன்பது கோட்டையும் நானே பிரித்துத் தருகிறேன் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னாள்.

மாஸ்டர் கேட்டார். நல்ல மனிதர். ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார், சிரித்துக்கொண்டே.

"கோணல்தான் மாஸ்டர். நாலு விரல் தள்ளித்தான் போட்டிருக்கு" என்றாள் அவள். அவருக்கு அது புரியவில்லை. கோட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

நாற்பத்தைந்து காஜாவையும் துணி கிழியாமல் பிரித்து, கத்தரிப்பூ நூலில் மறுபடி எடுக்க ஏழு நாள் ஆயிற்று. ஹோட்டல்காரர்கள் இருபதையும் ஒரு குறையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மூட்டைகள் இப்போதும் வருகின்றன, வாரத்துக்கு இரண்டு. நூலையும் இப்போது அவளைக் கூப்பிடாமல் மாஸ்டரே எடுத்து, சின்னப் பொட்டலமாக மூட்டையோடு கட்டி அனுப்பிவிடுகிறார். "உங்களுக்கு நடை மிச்சம்க்கா" என்கிறார். பெரும்பாலும் நூல் சரியாகவே இருக்கிறது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை சரியில்லை. அப்போது கலரக்கா பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிறாள், மாஸ்டர் மாற்றிக் கொடுக்கிறார். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.